பெற்றோல் மிச்சம் பிடித்த அனுபவங்கள்: பெரியப்பா எண்ணிய கச்சான்

கல்முனைப் பயணி:

2022 ஓகஸ்ட் மாதம், பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் மட்டும் கிடைத்த காலத்தை இங்குள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வர எனக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஐந்து வேலை நாளைக்கு 400. என்னுடைய ஓல்டோ லீற்றருக்கு 15 கிலோமீற்றர்தான் ஓடியது என்பதால், வியாழக்கிழமை பின்னேரம் வீடு வந்து சேர்வதற்குள் தாங்கி வற்றிவிடும். காரில் ஏதோ பிழை இருக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

ஒருநாள் மட்டக்களப்புக்குக் கிளினிக் வந்திருந்த பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். முப்பது வருடம் கொழும்புக்கு நெல் லொறி ஓட்டியவர். கல்லடியில் கச்சான் (வேர்க்கடலை) ஒரு சுருள் வாங்கி மடியில் வைத்திருந்தார். காத்தான்குடிப் பேரீச்ச மரங்களைத் தாண்டும்போது ஒரு கச்சானை உடைக்காமல் எடுத்து எனக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தார். சற்று நேரத்தில் இன்னொன்று. ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் கடக்கக் கடக்க, வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்குத் தருவதற்காக வைக்கிறார் என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாண்டிருப்பில் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். 41. "மனே, இவ்வளவு தரம் நீ பிறேக் அமத்தியிருக்காய். ஒவ்வொன்றும் காசு குடுத்து வாங்கிப் போட்டு நிப்பாட்டின பெற்றோல்" என்றார். லீற்றர் 450 ரூபாய் விற்ற நாளில் அந்தக் கச்சான் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

முன்னால் போகும் வாகனத்தின் பின்விளக்கையே பார்த்து ஓட்டி வந்த நான், அதன் பிறகுதான் அதற்கும் அப்பால் நிற்கும் பஸ்ஸையும் மஞ்சள் கோட்டில் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளையும் முற்கூட்டியே பார்த்து, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் பழகினேன். இரண்டு மாதத்தில் லீற்றருக்கு 19 ஆனது. வெள்ளிக்கிழமை மட்டும் பஸ்ஸில் போய்வந்தால் போதுமாக இருந்தது.

வாழைச்சேனை:

பிறேக்கைக் குறைப்பதற்கு அதைவிட இலகுவான வழி இருக்கிறது. பாலம், இறக்கம், சந்தி எதுவாக இருந்தாலும் 200 மீற்றருக்கு முன்பே நியூட்ரலில் விட்டுவிடுங்கள். எஞ்சின் இரைச்சல் அடங்கும்போதே மிச்சம் தெரியும். பத்து வருடமாக நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

மகாஓயா வீதி:

கல்முனை நண்பர் சொல்வது சனநெரிசலான கரையோர வீதிக்குச் சரி. அம்பாறையிலிருந்து மகாஓயாவுக்குப் போகும் எங்கள் வீதியில் பிறேக்குக்கே வேலை குறைவு. அப்படியிருந்தும் எனக்கு ஒருமுறை பெற்றோல் மாயமாய் மறைந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று எதிரே வீசும் ஓகஸ்டில், ஏசியைப் போட்டுக்கொண்டு 90இல் விரட்டினேன். ஏறத்தாழ 57 கிலோமீற்றர் ஓடி மகாஓயா போய்ச் சேரும்போது, முள் கால் தாங்கிக்கு மேல் இறங்கியிருந்தது. ஒழுக்கு என்று பயந்து வீதியோரத்தில் காரின் கீழே படுத்து, தாங்கியின் அடியைக் கையால் தடவிப் பார்த்தேன். கையில் செம்மண் புழுதி மட்டும்தான் ஒட்டியது, பெற்றோல் மணமே இல்லை.

திரும்பும்போது யானை பயத்தில் 60இல் வந்தேன். அம்பாறை வரும் வரைக்கும் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்: 60இலிருந்து 90க்கு ஏறினால் வேகம் ஒன்றரை மடங்கு, எதிர்ப்போ இரண்டேகால் மடங்கு. அதற்கு மேல் எதிர்க்காற்று 20இல் வீசினால், காருக்கு அது 110இல் ஓடுவது போலத்தான். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் 70 என்பதையும் நினைவூட்டுகிறேன்.

செங்கலடிச் சாரதி:

வாழைச்சேனைத் தம்பி எழுதியதை வாசித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை. நானும் நியூட்ரல் ஆளாகத்தான் இருந்தேன். கண்டியிலிருந்து குடும்பத்துடன் மகியங்கனை வழியாக வரும்போது 18 வளைவு என்ற மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கினேன். பாதி வளைவு தாண்டியதும் பின்னால் இருந்த மகள், "அப்பா, என்னவோ கருகுது" என்றாள். அடுத்த வளைவில் அமத்தியபோது பிறேக் மிதி பஞ்சு போலக் கீழே போனது. கீழே தெரிந்த வயல்வெளியை அன்று பார்த்த பார்வை வேறு. முதலாம் கியருக்குத் தள்ளி, கைபிறேக்கையும் மெதுவாக இழுத்து, மலைப்பக்கத்து மண் ஓரத்தில் சாய்த்து நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் புறப்பட்டோம்.

உயிர் ஆபத்து ஒருபுறம் இருக்க, நியூட்ரலில் பெற்றோல் மிஞ்சுகிறது என்பதே பெரும்பாலும் தப்பான கணக்கு. இன்றைய கார்கள் இன்ஜெக்டர் வைத்தவை. கியரில் இருக்கும்போது அக்சிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதனால் இன்ஜெக்டர் பெற்றோல் விடுவதை நிறுத்திவிடும். சுழற்சி மிகவும் குறைந்த பிறகுதான் மீண்டும் விடும். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் தான் அணையாமல் இருப்பதற்காகத் தொடர்ந்து பெற்றோல் குடிக்க வேண்டும். இரைச்சல் அடங்கியது தம்பிக்குக் காதில் கேட்டிருக்கும், ஆனால் பெற்றோல் நின்றிருக்காது. கார்பரேட்டர் உள்ள பழைய காரில் இந்தக் கணக்கு வேறு. ஆனாலும் இறக்கத்தில் அதையும் நியூட்ரலில் விடக்கூடாது. எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிறேக் கல்லாகிவிடும்.

சமதரையில் சந்தி தூரத்தில் தெரிந்தவுடன், இருக்கிற கியரிலேயே காலை எடுத்துவிட்டு வாருங்கள்; கல்முனைப் பெரியவர் கச்சான் வைத்துக் காட்டியதும் அதைத்தான். புறப்படும்போது எஞ்சினை அலற வைக்காமல் மேல் கியருக்குச் சீக்கிரமாக மாறுங்கள். ஆனால் எஞ்சின் திணறித் துடிக்கும் அளவுக்கு மாற வேண்டாம். கூரையில் கேரியர் சும்மா கிடந்தால் கழற்றி வையுங்கள். பின்பெட்டியில் மாதக்கணக்காகக் கிடக்கும் அரிசிச் சாக்கையும் இறக்கி வையுங்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியைப் போடாமல், கண்ணாடிகளை இறக்கி ஓட்டிச் சூட்டை வெளியேற்றிய பிறகு போடுங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியைத் திறந்து வைப்பதே இலாபம். வேகமாக ஓடும்போது திறந்த கண்ணாடி காற்றைப் பிடிக்கும் என்பதால் அங்கே ஏசியே மேல்.

மகாஓயா வீதி நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முள்ளை நம்பிக் கணக்குப் பார்க்காதீர்கள், அது ஏற்ற இறக்கத்தில் ஆடும். தாங்கியை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி ஓடி, மறுபடியும் அதே பெற்றோல் ஷெட்டில் நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் தரம் ஊற்றிய லீற்றரால் பிரித்தால் வருவதுதான் உண்மை.

அக்கரைப்பற்று ஆசிரியை:

எல்லோரும் ஓட்டுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் அனுபவம் தள்ளியது. 2022 ஜூன் மாதம் பெற்றோல் வரிசையில் ஓர் இரவும் ஒரு பகலும் நின்றோம். பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக எவரும் எஞ்சினை இயக்கவில்லை. வரிசை நகரும்போது கையால்தான் தள்ளினோம். எங்கள் காரை வாப்பாவும் காக்காவும் (அண்ணன்) நானும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. எங்களுக்குப் பின்னால் அதே மாதிரிக் காரை ஓர் இளைஞர் ஜன்னல் சட்டத்தில் ஒரு கையும் ஸ்டியரிங்கில் ஒரு கையும் வைத்துத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். வாப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான்காம் தரம் தள்ளிய பிறகு அந்த இளைஞர் எங்கள் ரயரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, "காத்து இல்லையே, சேர்" என்றார். தன்னிடமிருந்த காற்றழுத்தமானியை வைத்தபோது முன்னால் இரண்டும் 20 பிஎஸ்ஐயைக் கூடத் தொடவில்லை. சாரதிக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருந்த தாளில் 30 என்று போட்டிருந்ததை, அந்தக் காரை வைத்திருந்த ஆறு வருடத்தில் அன்றுதான் வாசித்தோம். அவர் கால்பம்பை எடுத்து வந்து நான்குக்கும் அடித்துத் தந்தார். அடுத்த தரம் வரிசை நகர்ந்தபோது, நானும் காக்காவும் மட்டும் தள்ளினோம். வாப்பா பக்கத்தில் நடந்து வந்தார்.

மூன்று பேரின் தோளில் ஏறிய அந்தப் பாரத்தை ஆறு வருடமாக எஞ்சின் இழுத்திருக்கிறது, அதற்குரிய பெற்றோலுக்கு வாப்பா தன் சம்பளத்திலிருந்து கொடுத்திருக்கிறார். இப்போது மாதம் இருமுறை, காலையில் கார் ஓடுவதற்கு முன் ரயர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் நானே அளக்கிறேன். ஓடிச் சூடேறிய பிறகு அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். கண்ணால் பார்த்துக் "காணும்" என்று சொல்பவரிடம் காற்று அடிக்க வேண்டாம்.

கல்முனைப் பயணி:

செங்கலடி அண்ணனுக்கு நன்றி, பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். லொறியை இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட ஒருவரோடு தான் மறுபடி பயணம் போனதில்லை என்று மட்டும் சொன்னார். ஆசிரியை எழுதியதைப் பார்த்து ரயர்களையும் அளந்தேன். பின்னால் இரண்டும் 24இல் இருந்தன.

கடந்த வெள்ளிக்கிழமை மகனை முன்னால் இருத்தி, கையில் கச்சான் சுருளைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். வீடு வரும்போது 18 இருந்தது. அதில் ஏழு களுவாஞ்சிகுடிச் சந்தையைக் கடக்கும்போது மட்டும் வைத்தவை. மூன்றாம் கியரிலேயே காலை எடுத்துவிட்டு வந்தும், முச்சக்கர வண்டிகள் ஓரத்திலிருந்து திடீரென்று வெளிப்படுவதால் அந்த இடத்தில் பிறேக் பிடிக்காமல் வர இன்னும் முடியவில்லை. தினமும் அந்த வழியில் ஓட்டுபவர்கள் எந்த இடத்தில் காலை எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.