நோயாளியை எப்போதும் ஒரே டாக்டர் பார்த்தால் பிரஷர் கட்டுக்குள் வருமா? எங்கள் ஓபியிலேயே ஆய்வு செய்ய வழி சொல்லுங்கள்

அடிவாரம்_டாக்டர் (கேள்வி)

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஆறு வருடமாக மெடிக்கல் ஆபீசராக இருக்கிறேன். வேலையை விடாமலே படிக்கிற குடும்ப மருத்துவ டிப்ளமோவில் போன வருடம் சேர்ந்தேன். தீசிஸ் எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானேதான் ஒரு கேள்விக்கு விடை தேட ஆசைப்படுகிறேன்.

அந்தக் கேள்வி ஒரு பாட்டியால் வந்தது. வயது 62, பிரஷரும் சுகரும் உண்டு. மூன்று மாதம் நான்தான் பார்த்துவந்தேன், அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. இடையில் என்னை வேறு நிலையத்துக்கு டெபுடேஷனில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த டாக்டர் பிரஷர் கூடியிருப்பதைப் பார்த்து மாத்திரையை 10 ஆக்கினார். கால் வீங்கியது. அதற்கடுத்த மாதம் உட்கார்ந்திருந்தவர் இன்னொரு டாக்டர். அவர் வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு, அதாவது நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை எழுதினார். பாட்டிக்குத் தலைசுற்றல் ஆரம்பித்தது. ஒருநாள் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

நான் திரும்பி வந்தபின் அவருடைய என்சிடி நோட்டை (பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்களுக்கான நோட்டு) புரட்டினேன். மூன்று கையெழுத்து. அந்தந்த நாளில் கண்ணெதிரே இருந்ததை வைத்து யோசித்தால் மூன்று பேர் எழுதியதிலும் தவறு சொல்ல முடியாது. வீக்கம் அம்லோடிபினால் வந்திருக்கலாம், அளவைக் குறைத்துப் பார்ப்போம் என்று நினைக்க, போன மாதம் அந்தக் கால் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் யாரும் அன்றைக்கு அந்த நாற்காலியில் இல்லை.

எங்கள் ஓபிக்கு ஒரு நாளைக்கு 120 பேர் வருவார்கள். மூன்று டாக்டர்கள் முறை வைத்துப் பார்க்கிறோம். ஒரே டாக்டரிடம் தொடர்ந்து வருகிறவர்களுக்குப் பிரஷர் நன்றாகக் கட்டுப்படுகிறதா என்று எங்கள் நோட்டுகளை வைத்தே பார்க்க முடியுமா? எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "ஓபியில் சளி, காய்ச்சலை வைத்து என்ன ஆய்வு செய்வாய், கல்லூரிக்கு வந்து நல்ல கேஸாக எடு" என்றார். அது மனதைக் கஷ்டப்படுத்தியது. புள்ளியியல் எனக்குப் பெரிதாகத் தெரியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை_கிளினிக்

டாக்டர் அம்மா, நான் 31 வருடமாகச் சின்ன ஊரில் கிளினிக் வைத்திருப்பவன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதை விட்டுவிடாதீர்கள்.

பேராசிரியர் சொன்னதற்குப் பதில் 1961-லேயே வந்துவிட்டது. கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் போட்ட கணக்கு அது. வயது வந்த 1000 பேரில் ஒரு மாதத்தில் 750 பேர் உடம்பு சரியில்லை என்கிறார்கள். 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வது 9 பேர். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர். நாமெல்லாம் அந்த ஒருவரைப் பார்த்துத்தான் மருத்துவம் படித்தோம். உங்கள் ஓபிக்கு வருவது அந்த 250. அவர்களைப் பற்றிக் கல்லூரி வார்டில் உட்கார்ந்து எதைத் தெரிந்துகொள்வது?

வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். தன்னிடம் பதிந்திருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக் குறித்துவைத்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியவரும் அவர்தான். எழுதும்போதும் அந்தக் கிராமத்தில்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரே டாக்டரிடம் வருவதை அளக்க எளிய அளவு ஒன்று உண்டு. ஒருவர் வருடத்தில் 10 தடவை வந்து, அதில் 7 தடவை ஒரே டாக்டரைப் பார்த்திருந்தால் அவருடைய எண் 0.7. நோட்டில் கையெழுத்தை எண்ணினாலே போதும். ஆனால் ஒரே தடவை வந்தவருக்குக் கணக்குப்படி முழு 1 வந்துவிடும். அதனால் வருடத்தில் குறைந்தது நாலு தடவையாவது வந்தவர்களை மட்டும் எடுங்கள்.

இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது, நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். பிரஷர் கட்டுப்படாதவர் அடிக்கடி வருவார். தலைசுற்றினால் எந்தக் கிழமை என்று பார்க்காமல் வருவார், அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவரைப் பார்ப்பார். ஆகவே பல டாக்டரைப் பார்த்ததால் பிரஷர் ஏறியதா, பிரஷர் ஏறியதால் பல டாக்டரைப் பார்த்தாரா என்பது ஒரே வருட நோட்டில் தெரியாது. முதல் வருடத்தில் கையெழுத்தை எண்ணுங்கள், பிரஷரை அடுத்த வருடத்தில் பாருங்கள். 140/90-க்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். முதல் வருடத் தொடக்கத்தில் பிரஷர் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒப்பிடுவது வீண்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த நாடு நார்வே. அங்கே 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு ஒரு குடும்ப டாக்டர் உண்டு. 2022-இல் வந்த ஆய்வில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவைப் பார்த்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவு. நம்மிடம் அப்படிப் பட்டியல் கிடையாது, டாக்டரும் 15 வருடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. அதனால்தான் உங்கள் நோட்டுகள் முக்கியம் என்கிறேன்.

இன்னொன்று, எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வாங்காமல் ஒரு நோட்டைக்கூட ஆய்வுக்காகத் திறக்காதீர்கள். பழைய பதிவுதானே என்று நினைக்க வேண்டாம்.

வடமராட்சி_ஓபிடி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய கிளினிக்கிலும் கொப்பி (நோட்டு) நோயாளியின் கையில்தான் இருக்கும். இடமாற்றமும் உங்களைப் போலத்தான். ஒரு டொக்டர் நோயாளிகளின் முகத்தைப் பழகி முடிக்கிறபோது அடுத்த இடத்துக்குப் போக வேண்டி வரும்.

மேலே ஐயா சொன்ன எண் கையெழுத்தைத்தான் அளக்கும். நோயாளியின் மனதில் யார் இருக்கிறார் என்பது அதில் வராது. எனவே ஒரேயொரு கேள்வியைச் சேருங்கள்: "உங்களுக்கு ஒன்று என்றால் இங்கே யாரைத் தேடுவீர்கள்?" நான் என்னுடைய கிளினிக்கில் சும்மா கேட்டுப் பார்த்தேன். ஒரு அம்மா யோசிக்காமல், "மருந்து தாற அந்தப் பிள்ளையைத்தான்" என்றார். நான் அவரை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

மற்றது, வந்த காரணத்தை நோயாளியின் சொல்லிலேயே குறியுங்கள். ஆரம்ப சிகிச்சைக்கென்றே ஐசிபிசி என்ற குறியீட்டு முறை இருக்கிறது, உலகக் குடும்ப வைத்தியர் அமைப்பான வொன்கா 1987-இல் வெளியிட்டது. அதில் உடம்பு அசதிக்கும் தனி எண் உண்டு, ஏ04. அசதிக்குப் பின்னால் என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பாட்டி ஒவ்வொரு முறையும் சொன்னது அப்படியே பதிவாகியிருந்தால், "கால் வீக்கம்" மாத்திரையைக் கூட்டிய பிறகுதான் வந்தது என்பது மூன்றாவது டொக்டரின் கண்ணிலும் பட்டிருக்கும்.

கிருஷ்ணகிரி_விஎச்என்

மேடம், நான் டாக்டர் இல்லை, கிராம சுகாதார செவிலியர். இருந்தாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை பலருக்கு வீட்டுக்கே போய்விடுகிறது. ஓபி நோட்டை மட்டும் பார்த்தால், மாதாமாதம் மாத்திரை சாப்பிடுகிறவர்கூட ஆறு மாதமாக வரவே இல்லை என்று காட்டும். வருடத்தில் நாலு தடவை வந்தவர்கள் என்று பிரித்தால் அவர்களெல்லாம் விட்டுப்போவார்கள். அவர்கள்தான் மேடம் நடக்க முடியாதவர்கள், வயசானவர்கள், கூட்டி வர ஆள் இல்லாதவர்கள்.

வீட்டுக்குப் போகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர் அதே ஊர்க்காரர். பிரஷர் பார்த்து எழுதி வைத்திருப்பார். "கால் வீங்கியிருக்கு, மாத்திரையைப் பாதிதான் போடுறாங்க" என்று எங்களிடம் முதலில் வந்து சொல்வது அவர்தான். டாக்டர்கள் மாறினாலும் அந்த அக்கா மாறுவதில்லை. உங்கள் கணக்கில் அவர் எங்கே வருவார்?

அடிவாரம்_டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். நான் டாக்டர்களை மட்டும் எண்ணப் புறப்பட்டிருந்தேன். பாட்டி வீட்டுக்குப் போகிற தன்னார்வலரை இன்று கூப்பிட்டுக் கேட்டேன். கால் வீக்கம் அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பாட்டியை ஓபிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஓபிக்கு வருகிறவர்கள் ஒரு பிரிவு, வீட்டில் மாத்திரை வாங்குகிறவர்கள் இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் ஐயா சொன்னபடி முதல் வருடம் கையெழுத்து, இரண்டாம் வருடம் பிரஷர். இரண்டாம் பிரிவில், தன்னார்வலர் கண்ட விஷயம் டாக்டர் நோட்டுக்கு வந்து சேர்ந்ததா, எத்தனை நாளில் வந்தது என்று பார்க்கப்போகிறேன். யாழ்ப்பாண டாக்டர் கொடுத்த கேள்வியை இரண்டு பிரிவிலும் கேட்பேன். ஆனால் அதை நான் கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள், எங்கள் ஓபியைச் சேராத ஒருவரைக் கேட்கச் சொல்ல வேண்டும்.

பாட்டிக்கு ஃப்ரூசமைடை நிறுத்தி, அம்லோடிபினைப் பழையபடி 5 ஆக்கி, வேறொரு மாத்திரை சேர்த்திருக்கிறேன். ஏன் என்று நோட்டில் இரண்டு வரி எழுதிவைத்தேன். வீக்கம் வடிந்துவிட்டது, மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டேன். அது வரும்வரை ஆய்வுக்கென்று நோட்டைத் தொடமாட்டேன். மற்ற இரண்டு டாக்டர்களிடமும் பேசினேன், இருவருக்கும் சம்மதம். நாளை முதல் மூன்று பேரும் கையெழுத்துக்குக் கீழே பெயரின் முதல் எழுத்தைத் தெளிவாகப் போடப்போகிறோம்.

செவிலியர் அக்காவிடம் ஒரு கேள்வி: உங்கள் பக்கத்தில் தன்னார்வலர் எழுதும் பிரஷர் கணக்கு அவருடைய நோட்டிலேயே நின்றுவிடுகிறதா, நோயாளியின் நோட்டிலும் எழுதுகிறார்களா?