ஈயமும் இருக்கிறது, சல்பேட்டும் இருக்கிறது என்று வருகிறது. எப்படி? உதவி தேவை (படிவம் 4 வேதியியல்)

பிறை_படிவம்4

வணக்கம். படிவம் 4 உப்பு பாடத்தில் தெரியாத உப்பைக் கண்டுபிடிக்கும் செய்முறை நடக்கிறது. எங்கள் குழுவுக்குக் கொடுத்த போத்தலில் 'எக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது, உள்ளே வெள்ளைத் தூள்.

தண்ணீரில் போட்டுக் கலக்கியதும் முழுசாகக் கரைந்தது, நிறம் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளை மெண்டாக்கான் (வீழ்படிவு), இன்னும் ஊற்றினால் கரைந்து போகிறது. அம்மோனியாவிலும் வெள்ளைதான், ஆனால் எவ்வளவு ஊற்றினாலும் கரையவில்லை. அதனால் அலுமினியம், இல்லையென்றால் ஈயம் என்று ஒதுக்கிக்கொண்டு பொட்டாசியம் அயோடைடு விட்டோம், பளிச்சென்று மஞ்சள் வந்தது. சரி, ஈயம். இதுவரைக்கும் குழுவில் சண்டை இல்லை.

அப்புறம் எதிர் அயனி. நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டோம், குமிழி இல்லை, அதனால் கார்பனேட் இல்லை. அதிலேயே வெள்ளி நைட்ரேட் விட்டோம், ஒன்றும் வரவில்லை, அதனால் குளோரைடும் இல்லை. வேறொரு குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டோம், தயிர் மாதிரி கெட்டியாக வெள்ளை! சல்பேட் என்று எழுதிவிட்டோம். நைட்ரேட் இல்லை என்று சும்மா உறுதிப்படுத்தலாம் என்று நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையும் செய்யப் போனால், நீர்த்த சல்பூரிக் அமிலம் விட்ட உடனேயே குழாய் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதற்கு மேல் வளையமாவது ஒன்றாவது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஈய சல்பேட் தண்ணீரில் கரையாது என்று பாடநூலிலேயே இருக்கிறது. எங்கள் உப்பு கண்ணாடி மாதிரி தெளிவாகக் கரைந்தது. டீச்சரிடம் கேட்டால் "யோசித்து வா, வெள்ளிக்கிழமை மறுபடியும் லேப்" என்று சொல்லிவிட்டார். யாராவது சொல்லுங்கள்.

செந்தூல்காரன்

தம்பி, அது கலவையாக இருக்கும். ஒரே போத்தலில் இரண்டு உப்பு சேர்த்துக் கொடுப்பது உண்டு. ஈய நைட்ரேட்டும் சோடியம் சல்பேட்டும் என்று எழுதிவிட்டால் எல்லாச் சோதனைக்கும் பொருந்துகிறதே.

ஜெலுத்தோங் அக்கா

அப்படி இருக்க முடியாது. அந்த இரண்டையும் சேர்த்துத் தண்ணீரில் போட்டால் அந்த இடத்திலேயே ஈய சல்பேட் வெள்ளையாக அடியில் உட்கார்ந்துவிடும். தம்பி தெளிவாகக் கரைந்தது என்று சொல்கிறானே, அந்த ஒரு வரி போதும். தெளிந்த கரைசலில் ஈயம் இருக்கிறது என்றால் அங்கே கணிசமான சல்பேட் இருக்க வழியே இல்லை.

தம்பி, ஒன்று கேட்கிறேன், நன்றாக யோசித்துச் சொல். சல்பேட் சோதனையில் வெள்ளை எப்போது வந்தது? ஹைட்ரோகுளோரிக் விட்டபோதா, பேரியம் குளோரைடு விட்ட பிறகா?

பிறை_படிவம்4

அக்கா, ஹைட்ரோகுளோரிக் விட்டதும் லேசாகக் கலங்கியது. எங்கள் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது, கடைசியில் என்ன வந்தது என்று எழுதத்தான் இடம். பேரியம் விட்ட பிறகுதான் கெட்டியானது.

இன்னொன்று. பக்கத்துக் குழுவுக்கும் அதே எக்ஸ்தான். அவர்களுக்கு இரண்டு தடவையும் வெள்ளையே வரவில்லை! அவர்கள் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தோம்.

ஜெலுத்தோங் அக்கா

அந்த லேசான கலங்கலில்தான் பதிலே இருக்கிறது. நீ பார்த்த வெள்ளை பேரியம் சல்பேட் இல்லை, ஈய குளோரைடு.

சல்பேட் சோதனையில் அமிலம் எதற்கு விடுகிறோம்? கார்பனேட் இருந்தால் அதுவும் பேரியத்தோடு சேர்ந்து வெள்ளையாக விழும், ஆனால் பேரியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்துவிடும், பேரியம் சல்பேட் கரையாது. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமிலம். ஈயம் இல்லாத உப்புக்கு ஹைட்ரோகுளோரிக் தாராளமாகப் போதும். ஈயம் இருந்தால் நீ ஊற்றுகிற அமிலத்திலேயே குளோரைடு இருக்கிறது, பேரியம் குளோரைடிலும் குளோரைடு இருக்கிறது. முதல் ஊற்றலில் கொஞ்சம், இரண்டாவது ஊற்றலில் நிறைய. கலங்கியது கெட்டியானதற்கு அதுதான் காரணம், சல்பேட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பக்கத்துக் குழுவைத் திட்டாதே. அவர்கள் அநேகமாக உப்பைக் கொஞ்சமாகப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டிருப்பார்கள். ஈய குளோரைடு சுத்தமாகக் கரையாத பொருள் இல்லை, 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 10 கிராம் கரையும். கரைசல் நீர்த்துப் போயிருந்தால் வீழ்படிவு தலைகாட்டாது. பேரியம் சல்பேட்டாக இருந்திருந்தால் இப்படித் தப்பிக்காது, அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். ஒரே உப்புக்கு ஒரு குழுவுக்கு வந்து இன்னொரு குழுவுக்கு வராமல் போனதே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய விஷயம்.

வெள்ளிக்கிழமை இரண்டு வேலை செய். முதலில், அந்த வெள்ளை வந்த குழாயைச் சுடுநீர் முகவையில் நிறுத்து. ஈய குளோரைடு என்றால் சூட்டில் கரையும், 100 டிகிரியில் லிட்டருக்கு 33 கிராம் வரைக்கும் போகும். உனக்குக் கெட்டியாக வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துச் சூடாக்கு. பேரியம் சல்பேட் என்றால் கொதிக்க வைத்தாலும் அசையாது. அடுத்தது, புதிய கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் பேரியம் நைட்ரேட்டும் விட்டுப் பார். இரண்டிலும் குளோரைடு கிடையாது. வெள்ளை வரவில்லை என்றால் சல்பேட் கதை அத்தோடு முடிந்தது.

செந்தூல்காரன்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. அப்போது மிச்சம் நைட்ரேட்தான். ஆனால் வளையமும் வரவில்லையே, அதை எப்படிக் காட்டுவது?

பாயான் லெப்பாஸ் லேப்மேன்

உள்ளே வரலாமா? தொழிற்சாலை லேப்பில் வேலை செய்கிறவன், இதைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் வளையச் சோதனையை ஈயம் கெடுப்பது பழைய வம்பு. அந்தச் சோதனையில் விடுகிற மூன்றிலுமே சல்பேட் இருக்கிறது: நீர்த்த சல்பூரிக், இரும்பு(II) சல்பேட், அடர் சல்பூரிக். கரைசலில் ஈயம் இருக்கும் வரைக்கும் எதை விட்டாலும் ஈய சல்பேட் வெள்ளையாக விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். வளையம் உண்டாகாமல் இல்லை, உன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஈயத்தை முதலில் வெளியேற்று. சோடியம் கார்பனேட் கரைசலை இனிமேல் வெள்ளை விழாது என்கிற வரைக்கும் விடு, வடிகட்டு. ஈயம் வடிதாளில் தங்கிவிடும், நைட்ரேட் கீழே இறங்கிவிடும். வடிநீரில் நீர்த்த சல்பூரிக் அமிலத்தை மெதுவாக விடு, நுரை அடங்கும் வரைக்கும், அதற்குப் பிறகு வளையச் சோதனை.

ஜெலுத்தோங் அக்கா

அண்ணே, பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் வேண்டாமே. நீர்த்த சல்பூரிக் அமிலத்தையே வீழ்படிவு நிற்கும் வரைக்கும் விட்டு வடிகட்டினால் போதாதா? எப்படியும் அடுத்து அதைத்தானே விடப்போகிறார்கள்.

பாயான் லெப்பாஸ் லேப்மேன்

போதும், அக்கா சொல்வது சுருக்கம். என் வழி கை பழகிப்போன வழி. உப்பு என்னவென்றே தெரியாத நேரத்தில் கார்பனேட் பல உலோகங்களை ஒரே தடவையில் கழற்றிவிடும். இங்கே ஈயம் என்று தெரிந்துவிட்டது, அக்கா வழியிலேயே போகட்டும்.

ஆனால் தம்பி, இரண்டு விஷயத்தில் விளையாடாதே. இரும்பு(II) சல்பேட் அன்றைக்குக் கரைத்ததாக இருக்க வேண்டும். வெளிர் பச்சையாக இருந்தால் சரி, மஞ்சள் அடித்திருந்தால் அது இரும்பு(III) ஆகிக்கொண்டிருக்கிறது, வளையம் மங்கலாகத்தான் வரும். அடர் சல்பூரிக்கைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து உட்சுவரோடு மெள்ள வழிய விடு, பிறகு குலுக்காதே. அது கனமானது, கீழே போய்த் தனி அடுக்காக நிற்கும், இரண்டு அடுக்கும் தொடுகிற இடத்தில்தான் பழுப்பு வளையம். கண்ணாடி போட்டுக்கொள், டீச்சர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் போத்தலைத் தொடாதே.

பிறை_படிவம்4

நன்றி அண்ணே, நன்றி அக்கா. எங்கள் குழுவில் ஒருவன் "தூளை நேராகச் சூடாக்கினால் பழுப்புப் புகை வரும், ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்கிறான். அது சரியா?

பாயான் லெப்பாஸ் லேப்மேன்

வேதியியல் சரி, யோசனை சரியில்லை. ஈய நைட்ரேட்டைச் சூடாக்கினால் படபடவென்று வெடித்துச் சிதறும், பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு, மிச்சம் நிற்பது ஈய ஆக்சைடு, சூட்டில் பழுப்பு, ஆறினால் மஞ்சள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. புகை இழுப்புப் பெட்டிக்குள் டீச்சர் செய்து காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள், மேசையில் நீங்களாகச் செய்யவே கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஈயம் தொட்ட எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், வடிதாளைக் குப்பையில் போடாதீர்கள். கழிவுக்குத் தனிப் போத்தல் கேளுங்கள். எங்கள் தொழிற்சாலைப் பக்கம் 2005 விதிமுறைப்படி ஈயக் கழிவு 'புவாங்கான் தெர்ஜாட்வல்' (சட்டப் பட்டியலில் உள்ள ஆபத்தான கழிவு) கணக்கில் வரும், பள்ளியில் அளவு கொஞ்சம் என்பதால் ஈயம் நல்லதாகிவிடாது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் கேண்டீனுக்குப் போ.

பிறை_படிவம்4

வெள்ளிக்கிழமை செய்தாயிற்று!

வெள்ளை வந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுடுநீரில் நிறுத்தினோம், கொஞ்ச நேரத்தில் மொத்தமும் தெளிந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் ஆற வைத்தபோது பொடியாக விழவில்லை, ஊசி ஊசியாக மின்னிக்கொண்டு இறங்கியது, அதைப் பார்க்கப் பக்கத்துக் குழுவே வந்துவிட்டது. பேரியம் நைட்ரேட்டில் ஒன்றுமே வரவில்லை. அக்கா வழியில் வடிகட்டிவிட்டுச் செய்ததில் வளையம் வந்தது, மெல்லியதுதான், ஆனால் யாரும் மறுக்க முடியாத பழுப்பு. டீச்சர் ஈய நைட்ரேட் என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். எஸ்பிஎம் அமாலியில் (படிவம் 5 அரசுத் தேர்வின் செய்முறையில்) இப்படி வந்தால் ஹைட்ரோகுளோரிக்கில் வந்த கலங்கலை எழுதுவதா வேண்டாமா?

ஜெலுத்தோங் அக்கா

எழுது. பெமெர்ஹாத்தியான் (கவனித்தது) கட்டத்தில் பார்த்ததை மட்டும், பார்த்த வரிசையில்: அமிலம் விட்டதும் வெள்ளை வீழ்படிவு என்று. 'ஈய குளோரைடு வந்தது' என்று அங்கே எழுதாதே, அது இன்ஃபெரன்ஸ் (ஊகித்தது) கட்டத்துக்குப் போக வேண்டியது. நிறைய பிள்ளைகள் 'வெள்ளை வீழ்படிவு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், மிகுதியில் கரைந்ததா கரையவில்லையா என்பதை விட்டுவிடுகிறார்கள். உன் விஷயத்தில் அலுமினியம், ஈயம் என்று இரண்டாகச் சுருங்கியதே அந்தப் பாதி வாக்கியத்தால்தான்.

அயோடைடு சோதனையில் ஒரு துணுக்கு. மஞ்சள் வந்ததும் நிறுத்திவிடாமல் தண்ணீர் விட்டுச் சூடாக்கி ஆற வை, கரைந்து மறுபடியும் தங்கச் செதில் செதிலாக விழும். அதையும் எழுதினால் ஈயம் என்பதில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அயோடைடை மட்டும் அளவுக்கு மேல் ஊற்றாதே, மிகுதியான அடர் அயோடைடில் மஞ்சளே கரைந்துபோகும்.

பிறை_படிவம்4

அடுத்த வாரம் 'ஒய்' போத்தலாம் அக்கா. பக்கத்துக் குழு இன்றைக்கே எட்டிப் பார்த்துவிட்டார்கள், சோடியம் ஹைட்ராக்சைடு மிகுதியிலும் கரைகிறதாம், அம்மோனியா மிகுதியிலும் கரைகிறதாம், நிறம் இல்லையாம்.

செந்தூல்காரன்

ஜிங்க்தான் தம்பி, உங்கள் பட்டியலில் வெள்ளையாக வந்து இரண்டிலும் கரைகிற ஆள் வேறு யாரும் இல்லை. அதில் ஹைட்ரோகுளோரிக்கைப் பயமில்லாமல் விடலாம்.