ஆல்டோ 800க்கு டயர்: கையில் எட்டாயிரம், இரண்டு புதுசு வாங்கவா, நாலு பழசு வாங்கவா?

ராசிபுரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். டயர் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வண்டி 2016 ஆல்டோ 800, டயர் அளவு 145/80 ஆர்12. முன் டயர் இரண்டிலும் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற மேல் ரப்பர் கட்டைகள், முடியப் போகிறது. நடுவில் கொஞ்சம் இருக்கிறது, வெளி ஓரம் மொட்டை. பின் டயர்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, பட்டன் பாதிக்கு மேல் உண்டு. ஆனால் பக்கவாட்டு ரப்பரில் கோடு கோடாக வெடிப்பு. அவற்றில் இருக்கும் நாலு இலக்க எண் 1417. ஸ்டெப்னி வண்டியோடு வந்தது, டிக்கியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

டவுனுக்குள் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். என் மனைவி கொல்லிமலையில் ஒரு பள்ளியில் டீச்சர். திங்கட்கிழமை காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் அழைத்து வருகிறேன். காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. இப்போது ஐப்பசி மழை வேறு. பாறையிலிருந்து வழிகிற தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடும், வளைவில் மண்ணும் சருகும் கிடக்கும். நாலு வயது மகளும் பின் சீட்டில் இருப்பாள்.

ஒரு கடையில் புது டயர் ஒன்று 3,200 சொன்னார்கள், மாட்டும் கூலி தனி. இன்னொரு கடையில் செகண்ட் ஹேண்ட் ஒன்று 1,300. எண்பது பர்சன்ட் பட்டன் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க என்கிறார். மூன்றாவது ஆள், குட்டி யானைக்குப் போடும் டயரை மாட்டலாம், அதே பன்னிரண்டு இன்ச் ரிம்தான், லோடு வண்டி டயர் தேயவே தேயாது என்கிறார். எங்கள் பக்கம் லாரித் தொழில் பக்கம். தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டுகிற ரீட்ரெட் பட்டறைக்கு நாமக்கல்லில் பஞ்சமில்லை. அதனால் யாரைக் கேட்டாலும் பழைய டயரில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

தீபாவளிச் செலவு போக என்னிடம் இருப்பது எட்டாயிரம். இரண்டு புதுசு வாங்கி முன்னால் போடுவதா, நாலும் செகண்ட் ஹேண்ட் போடுவதா?

வேளச்சேரி கால்டாக்ஸி:

சார், ரெண்டு புதுசு வாங்கி முன்னாடி போடுங்க. ஆல்டோவில் இன்ஜின் இழுப்பது முன் சக்கரம், ஸ்டியரிங் முன்னால், பிரேக் பாரமும் அங்கேதான். பின் டயர் சும்மா கூட உருளுகிறது, பட்டன் இருந்தால் போதும். நான் வாடகை வண்டி ஓட்டுகிறேன், எப்போதும் இப்படித்தான் மாற்றுகிறேன். உழைக்கிற டயராகப் பார்த்து வாங்குங்கள். சியட் மைலேஸ், அப்பல்லோ அமேசர், எம்ஆர்எஃப் இசட்விடிவி, எதுவானாலும் சரி. செகண்ட் ஹேண்ட் மட்டும் வேண்டாம்.

சேலம் டயர்கடை:

தம்பி, எனக்கு உங்கள் முன் டயரைவிடப் பின் டயரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

1417 என்றால் 2017ஆம் வருடம் 14வது வாரம் செய்த டயர். எட்டரை வருடம் ஆகிவிட்டது. ரப்பர் வெடிக்காமல் இருக்க அதில் ஒரு மெழுகுச் சரக்கு கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போது அது மேலே வந்து ரப்பரைக் காக்கும். வருஷம் ஆக ஆக அது தீர்ந்துபோகும். அதனால்தான் ஓடாமல் நிற்கிற வண்டியில் பட்டன் இருக்கும்போதே வெடிப்பு விழுகிறது. ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் சோதிக்கணும், பத்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றணும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு நான் ஆறு வருடத்துக்கு மேல் சிபாரிசு செய்வதில்லை. வெடிப்பு முடி மாதிரி மெல்லிசாக இருந்தால் டவுனுக்குள் கொஞ்ச நாள் ஓட்டலாம். நகம் உள்ளே இறங்குகிற அளவு இருந்தால் அந்த டயரில் மலை ஏறாதீர்கள். உங்கள் ஸ்டெப்னி அதைவிடப் பழசு, அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், டாக்ஸி அண்ணன் சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது. நிறையக் கடைகளிலும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். ஆனால் இரண்டு மட்டும் மாற்றினால் புதுசு பின்னால்தான் போகணும். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே இழுக்கும். அது ஸ்டியரிங்கில் உடனே தெரியும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுற்றும், நம்மைப் போல சாதாரணமாக ஓட்டுகிறவர்கள் அதை நிறுத்த முடியாது. மலை இறக்கத்தில் இது இன்னும் மோசம். பிரேக் மிதிக்கும்போது பாரம் எல்லாம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். மலை மேலே சோளக்காடு ஊரிலிருந்து கீழே இறங்கும்போது பின் டயர் காய்ந்துபோன ரப்பர் என்றால் அங்கே பிடிமானமே இல்லை.

செகண்ட் ஹேண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வண்டிக்காரர்கள் புதுசு எடுத்த கையோடு அலாய் வீலும் அகல டயரும் போட்டுவிட்டு, ஷோரூமிலிருந்து வந்த டயரை விற்பார்கள். அது நல்ல சரக்கு. ஆனால் ஆல்டோ அளவில் அப்படிக் கழற்றுகிறவர் குறைவு. 145/80 ஆர்12 பழசு என்றால் பெரும்பாலும் உடைக்கப் போன வண்டியிலிருந்து வந்தது. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தி வைத்துப் பட்டனை ஆழமாக வெட்டிவிடுகிற வேலையும் நடக்கிறது. பட்டன் இடுக்கின் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். வெட்டிய டயரில் அந்த மேடும் வெட்டுப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் காணாமலே போயிருக்கும். கறுப்புப் பாலிஷ் பளபளவென்று இருந்தால் துணியால் துடைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். கையை உள்ளே விட்டு உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்றும் தடவிப் பாருங்கள். இவ்வளவும் பார்த்தும் தேதி எண் 2018, 2019 என்று இருந்தால் உங்கள் பின் டயருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

லாரி ரீட்ரெட்டை இதோடு சேர்க்காதீர்கள். லாரி டயரின் கூடு கெட்டி, இரண்டாவது பட்டன் ஒட்டுவதற்கென்றே தாங்கும். நாமக்கல் லாரிகள் அதில்தான் இந்தியா முழுக்க ஓடுகின்றன. கார் டயர் கூடு மெல்லிசு, செலவுக்கும் கட்டாது.

குட்டி யானை டயர் உங்கள் ரிம்மில் ஏறும், அது உண்மை. 145 ஆர்12 எல்டி, எட்டு பிளை, அதாவது எட்டு அடுக்குக்குச் சமமான பலம். ஆனால் அது பாரம் ஏற்றி, காற்று அதிகமாக வைத்து ஓட்டுவதற்குச் செய்தது. எழுநூறு கிலோ சொச்சம் உள்ள ஆல்டோவில் அந்தப் பக்கச்சுவர் வளைந்தே கொடுக்காது. பள்ளத்தில் இடி நேரே இடுப்புக்கு வரும், ஈரத்தில் ரோட்டோடு ஒட்டாது. உங்கள் டயரில் 74டி என்று இருக்கும். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. ஆல்டோவுக்கு அது தாராளம், அதற்கு மேல் கெட்டி தேவையில்லை.

இன்னொன்று. வெளி ஓரம் மட்டும் மொட்டையானதற்கு வளைவுகளும் காரணம்தான், ஆனால் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணமும், போயிருக்கலாம். புது டயர் மாட்டும் முன் முன் சக்கரத்தை ஸ்டியரிங்கோடும் வண்டியோடும் இணைக்கிற டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதைப் பார்க்காமல் மாட்டினால் புது டயரையும் அதே ஓரத்தில் தின்றுவிடும்.

என் முடிவு: உங்கள் பாதைக்கு நாலும் புதுசு வேண்டும். விலை உயர்ந்த டயர் வேண்டாம், சாதாரண மாடலே போதும். பணம் முழுசாகச் சேரும் வரை இரண்டு வாங்கிப் பின்னால் போட்டு டவுனுக்குள் மெதுவாக ஓட்டுங்கள், மலைக்கு வேண்டாம்.

கோத்தகிரி வாசுகி:

நானும் ஆல்டோதான், மேட்டுப்பாளையம் ரோட்டில் அடிக்கடி ஏறி இறங்குகிறேன். டயர்கடை அண்ணா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

ரொம்ப நாள் உழைக்கும் டயர் என்று விற்பவற்றில் ரப்பர் கொஞ்சம் கடினம். வாடகை வண்டிக்கு அது லாபம். உங்களைப் போல வாரம் இரண்டு முறை மட்டும் ஏறி இறங்குகிறவருக்குப் பட்டன் தேயும் முன்னே வயசாகிவிடும். ஆகவே கிலோமீட்டர் கணக்கைக் காட்டி விற்றால் அதில் மயங்க வேண்டாம். ஈரத்தில் பிடிப்பு எப்படி என்று கேளுங்கள். பட்டன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே மழையில் எனக்கு வித்தியாசம் தெரிகிறது, 1.6 வரை நான் காத்திருப்பதில்லை.

விலை பற்றியும் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 3,200 என்பது பழைய வரியில் போட்ட கணக்கு என்றால் வரிக்கு முன் விலை 2,500, இப்போது அது 2,950க்கு வரணும். பில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். நாலு டயரில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம், அதில் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் முடிந்துவிடும். தயாரிப்புத் தேதியை மாட்டும் முன் நீங்களே பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழசு என்றால் வேறு கேளுங்கள், தயங்காதீர்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் மட்டுமில்லை, ரிம் சூடேறி டயரும் கொதிக்கும்.

ராசிபுரத்தான்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பின் டயரில் நகத்தை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் மெல்லிசு. இடது பக்கம் ரிம்மை ஒட்டி ஓர் இடத்தில் நகம் நன்றாகவே இறங்குகிறது. மகள் உட்காரும் பக்கம் அது. பார்த்ததும் வண்டியை ஓரமாக விட்டுவிட்டேன்.

மனைவியிடம் இங்கே எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். தன் சீட்டுப் பணத்தில் ஐயாயிரம் தருகிறேன், நாலையும் மாற்றிவிடலாம் என்றார். அது கைக்கு வரும் வரை நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய்க்கொள்வார்.

செகண்ட் ஹேண்ட் கடைக்கும் சும்மா ஒரு நடை போனேன். அண்ணா சொன்னபடி துடைத்துப் பார்த்தால் எண் 0818, குறுக்கு மேட்டின் மேல் கத்தி போன தடம் தெளிவாகத் தெரிகிறது. புது டயர் கடையில் வரி பற்றிக் கேட்டதும் பட்டியலைத் திரும்பப் பார்த்து 2,950க்கு ஒத்துக்கொண்டார். நாலும் 11,800, அலைன்மென்ட் பேலன்சிங்குக்கு 900. மெக்கானிக் பார்த்ததில் இடது டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிறது என்கிறார். அதை முன்னாலேயே மாற்றணுமா, டயரோடு சேர்த்துச் செய்யலாமா? ஸ்டெப்னியை என்ன செய்வது?

சேலம் டயர்கடை:

டை ராட் எண்ட் முதலில். அதை மாற்றினாலே அலைன்மென்ட் கலையும், அதனால் அலைன்மென்ட் கடைசியாகத்தான் பார்க்கணும். வரிசை இதுதான்: டை ராட் எண்ட், டயர், பேலன்சிங், அலைன்மென்ட். டயரைக் கழற்றும்போது ரிம் ஓரத்துத் துருவைச் சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள், வால்வையும் புதுசு போடச் சொல்லுங்கள். டியூப்லெஸ்ஸில் காற்று மெல்ல இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

ஸ்டெப்னிக்கு, முன்னாலிருந்து கழற்றும் இரண்டில் நல்லதை எடுத்து வையுங்கள். பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக அது போதும். 2016 டயரை நம்பி மலையில் ஏறாதீர்கள்.

காற்று எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் பிடியுங்கள். எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றுங்கள், உங்கள் வளைவுகளுக்கு எட்டாயிரமே சரி.

டயர் வார்க்கும் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு புது டயரின் மேல் கொஞ்சம் இருக்கும், அது தேய்ந்து போக இருநூறு கிலோமீட்டராவது ஓடணும். அதனால் மாட்டிய மறுநாளே மழையில் மலை ஏறாதீர்கள். முதலில் சேலம் பக்கம் இரண்டு மூன்று தடவை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் வீல் நட்டை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.