நாய்க்குப் பச்சைக்கறியும் நம் வீட்டுச் சாப்பாடும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிச்சமான மசாலாவையும் வெங்காயப் பச்சடியையும் பிசைந்து வைத்திருக்கிறார்கள். மறுநாளும் நாய் நன்றாகத்தான் ஓடியாடியது. அதனால் சாப்பாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலைந்து நாள் கழித்துப் படியேற மறுத்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளேரென்று இருந்தது. டாக்டர் முதலில் கேட்டதே "வெங்காயம் எதுவும் சாப்பிட்டதா?" என்றுதான். ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அது மாறாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே ஆபத்துதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்புச் சாதத்தில் போனாலும் உள்ளே பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். தயவுசெய்து குழம்பு ஊற்றிய சோற்றை வைக்காதீர்கள்.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரில் பச்சைக்கறி போட்டால்தான் நாய்க்கு வீரியம் என்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கறிக்கடையில் ஆட்டை அறுக்கும்போது சில சமயம் ஈரலிலோ நுரையீரலிலோ வெள்ளைத் தோலோடு ஒரு கட்டி இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சியடிக்கும். விற்க முடியாதே என்று அந்தத் துண்டை வெட்டி, கடை வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் போடுகிறார்கள்.

அந்தக் கட்டி எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். நாயின் குடலுக்குள் போய்த்தான் அது முழுப் புழுவாகிறது. அரிசியை விடச் சிறிய புழு. நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அதன் மலத்தில் முட்டை வெளியே வந்து மண்ணிலும் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். நாயைக் கொஞ்சிய கையைக் குழந்தை வாயில் வைத்தால் அதன் ஈரலில் கட்டி வளரத் தொடங்கும். வெளியே தெரியவே பல வருஷம் ஆகலாம். எனக்குத் தெரிந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். உறுப்புக்கறி எதுவானாலும் நன்றாக வேகவைத்தே போடுங்கள். குடற்புழு மருந்து வாங்கும்போது அதில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், கோழியை ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: சால்மோனெல்லா குளிரில் தூங்குமே தவிரச் சாகாது. பச்சைக்கோழி தின்ற நாய் தெம்பாக இருந்துகொண்டே அந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றலாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அதற்காக வெந்த எலும்பைப் போடவும் கூடாது. அது கூரான சிலாம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

சென்னையிலிருந்து:

எங்கள் நாட்டுநாய், பாயசத்துக்கு எடுத்து வைத்திருந்த உலர்திராட்சையைத் தட்டோடு காலி செய்துவிட்டது. உறவுக்காரப் பாட்டி ஒருவர் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார், வாந்தி வரட்டும் என்று. தடுத்துவிட்டேன். உப்பு அதிகமானால் அதுவே நாயைக் கொல்லும். ஆட்டோ பிடித்து உடனே போனதால் டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், டிரிப்ஸ் ஏற்றினார். சிறுநீரகம் தப்பித்தது.

திராட்சையில் எது விஷம் என்று ரொம்ப காலம் புரியாமல்தான் இருந்தது. அமெரிக்காவில் வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்குச் சிறுநீரகம் பழுதானது. அந்த மாவில் இருந்தது கிரீம் ஆஃப் டார்டார், அதாவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அதை வைத்துத்தான் 2021இல் ஏஎஸ்பிசிஏ என்ற அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். நம் புளியிலும் அதே அமிலம்தான் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததாக 2022இல் எழுதியிருக்கிறார்கள். புளியோதரையும் ரசச்சோறும் எங்கள் வீட்டில் இனி நாய்த் தட்டுக்குப் போகாது.

கோவையிலிருந்து:

சரி, என்னதான் போடுவது என்று கேட்பவர்களுக்கு. எலும்பில்லாத கோழியை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் வெந்த கேரட்டோ பூசணியோ சேர்க்கிறேன். இதையே தினமும் போட்டால் கால்சியம் பற்றாது என்று டாக்டர் சொன்னதால் அவர் எழுதிக்கொடுத்த பொடியையும் கலக்கிறேன். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மட்டும் கைப்பையோடு கீழே வைக்காதீர்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அரை மணி நேரத்தில்கூட நாய்க்குச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.