சின்ன எக்ஸா, பெரிய எக்ஸா?

நான் திருத்தியது ஒரே ஒரு எழுத்து. அதற்கே இரண்டு முறை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அதில் சேராத கோப்புகளை அழிப்பது க்ளீன் கட்டளை. அதைப் பற்றி எங்கள் குழுவின் வழிகாட்டியில் இப்படி இருந்தது: "பில்ட் குழம்பினால் கிட் க்ளீன் கட்டளையை எஃப் (f), டி (d), சின்ன எக்ஸ் (x) சேர்த்து ஓட்டவும். புதிதாக எழுதிய கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது." நம்பி ஓட்டினேன். இரண்டு நாளாக எழுதிவந்த டெஸ்ட் கோப்பு காணாமல் போனது. கிட்டின் பழைய நிலைகளைக் காட்டும் ரீஃப்ளாக்கைக் குடைந்து பார்த்தும் பலனில்லை. ஆட் (கிட்டில் சேர்ப்பது) கூடச் செய்யாத கோப்பு, கிட்டுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

சின்ன எக்ஸ் போட்டால், எந்தக் கோப்புகளைக் கிட் ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் விதிகளையே க்ளீன் கண்டுகொள்ளாது. இக்னோர் ஆனவை, ஆட் செய்யாத புதியவை என்று எல்லாவற்றையும் துடைத்துவிடும். இக்னோர் ஆனவற்றை மட்டும் நீக்குவது பெரிய எக்ஸ் (X). வழிகாட்டியில் விளக்கம் பெரியதற்கு, கட்டளை சின்னதற்கு.

மாற்றி அனுப்பினேன். "எழுத்து வடிவ மாற்றம்தானே, அவசியமில்லை" என்று ரிவ்யூவில் மூடிவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பை மட்டும் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். சரி என்று ஒரு காலி ரிப்போ (கிட் கவனிக்கும் கோப்புறை) தொடங்கி, கிட்இக்னோரை மட்டும் கமிட் செய்து (பதிந்து), பக்கத்தில் ஒரு குறிப்புக் கோப்பும் இக்னோர் ஆகும் ஒரு லாக் கோப்பும் வைத்தேன். எஃப்புக்குப் பதில் என் (n) என்ற எழுத்தைப் போட்டால் எதையும் அழிக்காமல், எவை போகும் என்று மட்டும் சொல்லும். சின்ன எக்ஸுக்கு இரண்டு வரி வந்தது, பெரிய எக்ஸுக்கு லாக் மட்டும். அந்த மூன்று வரியை ஒட்டி மறுபடி அனுப்பினேன், அன்றே மெர்ஜ் ஆகி வழிகாட்டியில் சேர்ந்தது. முதலில் என் (n) போட்டுப் பாருங்கள் என்று ஒரு வாக்கியமும் சேர்த்துவிட்டேன்.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: நீங்கள் திருத்திய வரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கிறது. பெரிய எக்ஸ் என்றாலும் இக்னோரில் கிடக்கும், பாஸ்வேர்டுகள் உள்ள என்வ் (.env) கோப்பு போய்விடும். அதைக் காப்பாற்ற நினைத்து சின்ன இ (e) ஆப்ஷனில் அதன் பெயரைக் கொடுத்தேன். சின்ன எக்ஸோடு அது சரியாக வேலை செய்யும். பெரிய எக்ஸோடு கொடுத்தால், அந்த ஆப்ஷன் இக்னோர் பட்டியலில் சேர்ப்பதுதான் என்பதால், அதுவும் அழிபடும் வரிசையில்தான் நிற்கும். பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி (!) வேண்டும். எங்கள் ஆவணத்தில் அந்தக் குறி இல்லை. கோப்பு போய்விட்டது, அப்புறம் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.