ஃப்ளை ஃபிஷிங்: ஈத்தூண்டிலா, மீனெறி தூண்டிலா, நூல்வீச்சா?

அடையாற்றிலிருந்து, திங்கள் காலை

தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம். வெள்ளி மாலைக்குள் பதினாறு பக்கக் கையேடு ஒன்றை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். என் தம்பியும் அவன் கூட்டாளிகள் மூவரும் சீஷெல்ஸ் போகிறார்கள். அங்குள்ள மாஹே தீவிலிருந்து சிறு விமானத்தில் அல்போன்ஸ் தீவு. அதற்கு அடுத்த செயின்ட் பிரான்சுவா பவளத்தீவில் போன்ஃபிஷ் என்னும் வெள்ளி நிற மீனைப் பிடிப்பதுதான் திட்டம். நால்வரும் முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் கொடுவாய்க்குத் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். ஆனால் ஃப்ளை ஃபிஷிங் அவர்களுக்கு இதுவே முதல்முறை. இரண்டு பேருக்கு ஆங்கிலத்தில் படித்துப் பழக்கமில்லை. கையேடு அவர்களுக்காகத்தான்.

மூன்று சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் சிக்கிக்கொண்டேன்: ஃப்ளை ஃபிஷிங், ஃப்ளாட்ஸ் (இந்த மீன் மேயும் ஆழமில்லாத கடற்பரப்பு), போன்ஃபிஷ். 'ஈ மீன்பிடிப்பு', 'எலும்பு மீன்' என்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது. ஃப்ளாட்ஸ் என்று அப்படியே விட்டால் சென்னையில் அது அடுக்குமாடி வீடு.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் முன்னால் போகும், நூல் அதன் பின்னால் போகும். இதில் தலைகீழ். நுனியில் இறகும் மயிரும் சுற்றிய சின்னத் தூண்டில் முள், ஒரு கிராம்கூட இருக்காது. ஆங்கிலத்தில் அதற்குத்தான் ஃப்ளை, அதாவது ஈ, என்று பெயர். கனம் முழுக்க நூலில். போன்ஃபிஷுக்குப் பெரும்பாலும் 9 அடிக் கோலும் 8-ஆம் எண் நூலும் கொண்டுபோகிறார்கள். அந்த நூலின் முதல் 30 அடி 210 கிரெயின் எடை, அதாவது 13.6 கிராம். கோலைப் பின்னும் முன்னும் அசைத்து அந்த நூலைக் காற்றில் விரித்து வீச வேண்டும். முள் வெறுமனே கூடப் போகும்.

தாம்பரத்திலிருந்து, திங்கள் இரவு

அம்மா, வணக்கம். தேட வேண்டியதே இல்லை, சொல் இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகை 54. தினைக்காவலரின் கவண் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. அந்தக் கழை "மீன் எறி தூண்டிலின் நிவக்கும்", அதாவது மீனைப் பிடித்த தூண்டில் கோல் போல மேலே எழும். இந்த ஓர் உவமைக்காகவே பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் நிலைத்துவிட்டது. வளைந்து நிமிரும் கோலை இதைவிட நன்றாக யார் காட்ட முடியும்? ஃப்ளை ஃபிஷிங் என்பதற்கு 'மீனெறி தூண்டில்' என்று வையுங்கள்.

'ஈத்தூண்டில்' இலக்கணப்படி சரி. தீப்பெட்டி, பூத்தொட்டி போல ஓரெழுத்து ஒருமொழிக்குப் பின் வல்லினம் மிகும். பொருள்தான் பொய். நீங்கள் சொல்லும் முள் ஈயைப் போலவா இருக்கிறது?

இன்னொன்று. மீன் என்பதே மின் என்னும் வேரிலிருந்து வந்தது என்பார்கள். வானத்து மீனும் கடல் மீனும் மின்னுவதால் மீன். 'வெள்ளிமீன்' விடிவெள்ளிக்கு ஏற்கெனவே வழங்குவதால், வெள்ளி நிறமான இந்தப் போன்ஃபிஷுக்கு அது ஆகாது. தூண்டு, தூண்டில், தூண் என்ற வரிசையைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

அடையாற்றிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, ஈயைப் போல இல்லை. ஆற்றில் ட்ரவுட் மீனுக்குக் கட்டுவது பூச்சி வடிவம். முறையின் பெயர் அங்கிருந்து வந்தது. போன்ஃபிஷுக்குக் கட்டுவது இறால் குஞ்சு, சிறு நண்டு மாதிரி. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் உருவான கிரேஸி சார்லி அப்படிப்பட்டதுதான். அதற்கு 'கட்டு இரை' என்று வைக்கலாமா?

ராயபுரத்திலிருந்து, செவ்வாய்

கட்டு இரை நல்ல சொல். முள்ளில் நூலைச் சுற்றிக் கட்டுவதுதானே வேலை. இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புலவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, மீனெறி தூண்டில் இந்தப் பயணத்துக்கு ஆகாது. உவமையின் உயிரே கோல் மேலே எழுவதில் இருக்கிறது. இந்த மீனில் செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். மீன் கவ்வியதும் கோலைத் தூக்கினால் முள் வாயை விட்டு வந்துவிடும். கோல் நுனியைத் தண்ணீர்ப் பக்கமே வைத்து, மறு கையால் நூலை நீளமாக இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் ஒரு தடவை தப்பினாலும் இரை மீனின் முன்னாலேயே கிடக்கும், அது திரும்பக் கவ்வும். ஆங்கிலத்தில் ஸ்ட்ரிப் ஸ்ட்ரைக் என்கிறார்கள். எங்கள் அப்பா கட்டுமரத்தில் கைத்தூண்டில் போட்டபோது கோலே கிடையாது, இழுத்ததெல்லாம் கையால்தான். 'கையிழுப்பு' என்று எழுதுங்கள், உங்கள் தம்பிக்குப் புரியும்.

கடலில் இருக்கிறவர்கள் சொல் வைத்த விதத்தையும் பாருங்கள். நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கில் முள் தொங்குவதற்கு ஆயிரங்கால் தூண்டில் என்று பெயர். கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறையில் கண்ணுக்குத் தெரிவது என்ன? காற்றில் நெளியும் நூல். எனவே நூல்வீச்சு. வீச்சு வலை என்று எல்லோருக்கும் தெரியும், அது வலை வீச்சு, இது நூல் வீச்சு.

குரோம்பேட்டையிலிருந்து, செவ்வாய்

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். 'எலும்பு மீன்' வேண்டவே வேண்டாம். பாடநூலில் எலும்பு மீன்கள் என்பது ஒரு பெரும் பிரிவு. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள், கொடுவாய் உட்பட மற்றவை பெரும்பாலும் எலும்பு மீன்கள். தவிரவும், மீனுக்குள் இருப்பதை யாரும் எலும்பு என்று சொல்வதில்லை, முள் என்கிறோம். போன்ஃபிஷுக்கு அந்தப் பெயர் வந்ததே சதை முழுக்க நுண்ணிய முள் இருப்பதால்தான். ஆனால் 'முள்மீன்' என்றால் முள்ளு வாளை நினைவுக்கு வரும், தூண்டில் முள்ளும் குறுக்கே வரும்.

உறவைப் பார்த்தும் பெயர் வைக்க முடியாது. இதன் குஞ்சு கண்ணாடி நாடா போல ஒளி ஊடுருவும் உடலோடு பிறக்கிறது, விலாங்கின் குஞ்சைப் போலவே. உறவும் விலாங்கோடுதான். வளர்ந்த பிறகு அந்தச் சாயலே இருக்காது.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதைக் கையேட்டில் 'பிடித்துவிடல்' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் 'பிடித்துவிடு' என்றால் எப்படியும் பிடி என்று பொருள். விடு அங்கே துணைவினை. சொல்ல வந்ததற்கு நேர் எதிராக ஆகிவிடும். 'நீரில் விடு' என்று நேராக எழுதுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும், மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்ற வேண்டும் என்பதையும் சேருங்கள்.

வளசரவாக்கத்திலிருந்து, செவ்வாய் இரவு

எனக்கு ஊர் மட்டக்களப்பு, இங்கே வந்து முப்பது வருடம். ஃப்ளாட்ஸ் என்று நீங்கள் தேடுவது கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், வற்றினால் மணல் தெரியும் பரப்பு என்றால், எங்களிடம் இரண்டு சொல் உண்டு. களப்பு என்பது ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்பு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. தரவை என்பது மழைக்குத் தண்ணீர் தேங்கி வெயிலுக்கு வெளிக்கிற வெட்டவெளி. களப்பு பொருத்தம் என்பது என் எண்ணம். ஏறுகிற தண்ணீருக்குப் பெருக்கு, இறங்குகிறதற்கு வற்று. பெருக்கோடு மீன் மேட்டுக்கு ஏறும், வற்றோடு இறங்கும். ஆகவே கையேட்டில் இந்த இரண்டும் அவசியம்.

பயணத்துக்கு உதவும் செய்தி ஒன்று: சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. போகிற பிள்ளைகள் ஒரு காலை கும்பிட்டுவிட்டு, களப்புக்கு அவர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வரட்டும்.

வேளச்சேரியிலிருந்து, புதன்

எல்லாம் அழகு. ஆனால் படகில் நிற்கிற வழிகாட்டி என்ன சொல்லிக் கூப்பிடுவார்? "போன்ஃபிஷ், லெவன் ஓ க்ளாக், ஃபார்ட்டி ஃபீட்!" படகின் மூக்கு பன்னிரண்டு மணி, அதை வைத்துத் திசை. மீன் நிற்காது. அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் களப்பு, கையிழுப்பு என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். காதில் விழப்போகிற சொல்லைக் கையேடு பழக்கிக் கொடுக்க வேண்டும். போன்ஃபிஷ், ஃப்ளாட்ஸ், ஸ்ட்ரிப் மூன்றையும் தமிழ் எழுத்தில் அப்படியே வையுங்கள். தமிழ்மீது எனக்கும் பற்று உண்டு. பேருந்து என்று எழுதுகிறேன், பஸ் என்று ஏறுகிறேன்.

தாம்பரத்திலிருந்து, புதன்

பேருந்து என்று ஒருவர் எழுதத் தொடங்கியதால்தான் இன்று நீங்கள் எழுதுகிறீர்கள். அன்றைக்கும் யாருக்கும் புரியாது என்றுதான் சொன்னார்கள்.

ராயபுரம் தம்பி சொன்னதை ஏற்கிறேன். தூக்கக்கூடாத கோலுக்குத் தூக்கும் கோலின் பெயர் பிழை. மீனின் பெயருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இதன் செதில்கள் கண்ணாடி போல மணலையும் நீரையும் திருப்பிக் காட்டுவதால் கண்ணெதிரே நின்றாலும் தெரியாது, நிழலைத்தான் பார்க்க வேண்டும் என்று படித்தேன். அதனால்தான் நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு மூக்குக்கண்ணாடி இல்லாமல் போகக்கூடாது என்கிறார்கள். ஒளியாலேயே ஒளிகிற மீன். தமிழில் ஒளி பெயர்ச்சொல்லாக வெளிச்சம், வினைச்சொல்லாக மறைவது. 'ஒளிமீன்' என்றால் இரண்டு பொருளும் ஒரு சொல்லில். வேறு எந்த மொழியில் இது கிடைக்கும்?

குரோம்பேட்டையிலிருந்து, புதன்

ஐயா, கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஆழ்கடலில் உடலே ஒளிரும் மீன்கள் இருக்கின்றன, என் மாணவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். ஒளியும்மீன்?

தாம்பரத்திலிருந்து, புதன்

பெயரெச்சமாக்கினால் சிலேடை செத்துவிடும். வினைத்தொகையாகவே இருக்கட்டும்.

அடையாற்றிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை நால்வரையும் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப்போய்ப் பார்த்தேன். கடற்காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. களப்பிலும் காற்று இருக்கும் என்பதால் அப்படியே வேண்டுமென்றுதான் போனேன். முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல். "இரையை வீசுங்கள்" என்றபோது நால்வருமே ஈயக்குண்டை எறிவது போலக் கையை உதறினார்கள், நூல் காலடியில் சுருண்டது. "நூலை வீசுங்கள், பின்னால் விரியும் வரை பொறுங்கள்" என்றதும் தம்பி மூன்றாவது தடவையிலேயே முப்பது அடி போட்டான். ஆகவே நூல்வீச்சு. இதில் இனி என் மனம் மாறாது. வீசுகிறவன் கைக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கிற சொல் அது.

கட்டு இரை, கையிழுப்பு, பெருக்கு, வற்று, 'நீரில் விடு' எல்லாம் அப்படியே உள்ளே போகின்றன. களப்பு தலைப்பில் வரும், முதல் பத்தியில் 'ஃப்ளாட்ஸ் என்று வழிகாட்டி சொல்வார்' என்று ஒரு வரி. மணிக்கணக்குத் திசைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, வேளச்சேரி அண்ணன் சொன்னபடி ஒலியை அப்படியே தந்திருக்கிறேன். மீன் போன்ஃபிஷ்தான். ஐந்து பேர் அதற்கு, புலவர் ஐயா மட்டும் எதிர்.

தாம்பரத்திலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குப் போகுமுன் 7-ஆம் பக்கம் பாருங்கள்: 'நூல்வீச்சுத் தூண்டில்' என்று இருக்க வேண்டும், 'த்' என்ற ஒற்று விட்டுப்போயிருக்கிறது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஓரமாகவாவது ஒளிமீன் என்று ஒரு முறை போடுங்கள். உங்கள் தம்பி அந்த மீனைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, எது சரி என்று அவரே எனக்கு எழுதட்டும்.