பவுச் போட்டு மூடுற போனுக்கு கலர் எதுக்கு?

மாம்பலம்_மணி:
போன வாரம் தி.நகர்ல அக்கா பொண்ணுக்கு போன் வாங்கப் போனோம். கருப்பு கையிருப்புல இருந்துச்சு. லாவண்டர் வர நாலு நாள் ஆகும்னாங்க. அதே மாடல், அதே 128 ஜிபி, அதே விலை. காத்திருந்து லாவண்டரே வாங்கினா. வந்த அன்னிக்கே தடிமனா ஒரு கருப்பு பவுச் மாட்டிவிட்டேன், கலர் போன இடம் தெரியல. பேட்டரியைப் பத்திப் பேச வேண்டிய கம்பெனிங்க கலரைக் காட்டி நம்மளை ஏமாத்துறாங்க.

ரிச்சித்தெரு_கடைக்காரன்:
மணி சார், என் கடையில அதிகம் போறது எந்த பவுச் தெரியுமா? டிரான்ஸ்பரன்ட். கொஞ்ச மாசத்துல மஞ்சளடிச்சுப் போகும், திரும்ப வந்து அதையேதான் கேப்பாங்க. கலர் வெளிய தெரியணும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர்னாலே மங்கின சாம்பல் பெட்டின்னு இருந்த காலத்துல, 1998ல ஆப்பிள் நீல ஐமேக் விட்டாங்க. மறு வருஷம் ஜனவரியில அஞ்சு கலர். மேசை மேல வெச்சுப் பார்க்க ஆசைப்படுற பொருளா அதை மாத்தினதே அந்தக் கலர்தான்.

மாம்பலம்_மணி:
கலர் மட்டும் போதும்னா 2013ல வந்த ஐபோன் 5சி ஏன் 5எஸ் அளவுக்குப் போகல? அதுலயும் அஞ்சு கலர் இருந்துச்சே. உள்ளே கிட்டத்தட்ட முந்தின வருஷத்து போன், ஜனங்க கண்டுபிடிச்சிட்டாங்க.

ரிச்சித்தெரு_கடைக்காரன்:
சரிதான். ஆனா அதே நாள்ல வந்த 5எஸ்ல எது கிடைக்காமத் தவிச்சாங்க? தங்கக் கலர். சரக்கு நல்லா இருந்தா கலர் அதை இழுத்துட்டுப் போகும்.

ஒரகடம்_மோல்டிங்:
அண்ணே, நான் பிளாஸ்டிக் மோல்டிங்ல, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுல வார்க்கிற இடத்துல, வேலை பார்க்கிறேன். கருப்பு ஓடின மெஷினை வெள்ளைக்கு மாத்துற நாள்ல வந்து பாருங்க. பிளாஸ்டிக் உருகுற குழாய்ல (பேரல்) ஒட்டியிருக்கிற பழைய கலர் முழுசா வெளிய வர்ற வரைக்கும் ஓட்டணும். முதல்ல வர்ற பீஸ்ல புகை மாதிரி கருப்புக் கோடு ஓடும், அத்தனையும் கழிவு. வெள்ளை ஐபோன் 4ஐ 2010 ஜூன்ல அறிவிச்சாங்க, கடைக்கு வந்தது 2011 ஏப்ரல்ல. கலர்னா சும்மா பெயிண்ட் வேலைன்னு நினைக்காதீங்க.

ரிச்சித்தெரு_கடைக்காரன்:
நான் கலர் பக்கம்தான். ஆனா வலியும் எனக்குத்தான். நாலு கலர், மூணு ஸ்டோரேஜ்னா ஒரே மாடலுக்குப் பன்னெண்டு பெட்டி. ஓடுற கலர் ரெண்டு வேணும்னா ஓடாத கலர் ஒண்ணையும் சேர்த்து எடுன்னு டிஸ்ட்ரிபியூட்டர் தலையில கட்டுவாரு. கம்பெனிக்கு இத்தனை கலர் விளம்பரம், எனக்கு முடங்கின பணம். போன வருஷத்து பச்சை இன்னும் ரெண்டு அலமாரியில தூங்குது. மணி சார், ஒண்ணு கேக்கிறேன்: கருப்பை 1,500 ரூபா குறைச்சுக் கொடுத்திருந்தா உங்க அக்கா பொண்ணு வாங்கியிருக்குமா?

மாம்பலம்_மணி:
கேட்டேன். “தினமும் கையில வெச்சுப் பார்க்கப் போறது நான்தானே மாமா”ன்னா. நான் மாட்டின பவுச்சையும் கழட்டிட்டா. அவ ஆசை பொய்னு இனி சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வருஷத்துல பேட்டரி இறங்கிடும், கலர் அப்படியே இருக்கும். போஸ்டர்ல கலர் பேரைப் போடுற அதே சைஸ் எழுத்துல, பேட்டரி மாத்த எவ்வளவு ஆகும்னும் போடட்டும். அதுல நான் இறங்கி வர மாட்டேன்.